மூன்று விரல் உயரம்

அந்தப் பக்கத்தில் யார் மோட்டார் சைக்கிள் வாங்குவதென்றாலும் முதலில் கடைக்குப் போகமாட்டார்கள். மெக்கானிக்கிடம்தான் வருவார்கள். அவனும் லேசில் பதில் சொல்லிவிடமாட்டான். வந்தவரைப் பட்டறை வாசலில் நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பான். எங்கே வேலை, வழியில் எத்தனை மேடு, பின்னால் யார் உட்காருவார்கள், என்ன மூட்டை ஏற்றுவீர்கள், இடுப்பு வலி உண்டா என்று வக்கீல் மாதிரிக் குறுக்கு விசாரணை செய்வான். பேக்கரிக்காரர் ஒருவர் பளபளவென்று ஒரு வண்டிப் படத்தைக் காட்டிக்கொண்டு ஆசையாக நின்றபோது, "அண்ணே, உங்க தொப்பையும் இந்த டேங்கும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். வேணாம்" என்று எல்லார் எதிரிலும் சொன்னவன் அவன். பேக்கரிக்காரர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டே திரிந்தார். பிறகு அவன் சொன்ன வண்டியைத்தான் வாங்கினார்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டில் பன்னிரண்டு வருடமாகச் சொந்த வண்டி கிடையாது. ரிப்பேருக்கு வருகிற வண்டிகளை "ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்" என்று சொல்லி ஓட்டியே காலத்தைத் தள்ளிவிட்டான். வாங்கியே தீரவேண்டும் என்ற நிலை வந்தது மனைவியால்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருடமாகக் குப்பி கழுவிக்கொண்டிருந்தவள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. வேலை முடிந்து வந்து, சமைத்துப் போட்டுவிட்டு, மேசை மூலையில் புத்தகத்தை விரித்துப் படித்து, ரத்தம் எடுக்கும் பரீட்சையில் தேறிவிட்டாள். லேப் மேடமும் மனம் இறங்கி, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலையைக் கொடுத்தார். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் பன்னிரண்டு வீடு. சொந்த வண்டி இருக்கவேண்டும். ஒரு மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டு வரவில்லையென்றால் மறுபடி அதே தொட்டி, அதே குப்பி.

"ஸ்கூட்டர் போதுமேங்க எனக்கு" என்றாள் அவள்.

"நம்ம ஏத்தத்துல ஸ்கூட்டரா? அந்தச் சின்னச் சக்கரம் ஒரு மழைக்குத் தாங்காது. நானும் எஞ்சின் தூக்கிட்டுப் போகணும், அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரே வண்டி, மூணு பேருக்கும் பொருந்தணும்" என்றான். அதுவரை அவன் பேச்சில் ஒரு குற்றமும் இல்லை.

அவனுடைய அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வலது முழங்கால் முக்கால்வாசிதான் மடங்கும். வாய் மட்டும் எந்தக் குறையுமில்லாமல் வேலை செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் கதவு நிலையோடு சேர்த்து நிற்கவைத்து, டேப் பிடித்துக் கால் உயரம் அளந்து நோட்டில் எழுதினான்.

"தையல்காரன் தோத்தான் போ. எனக்கு வண்டியா தைக்கப்போற?" என்றார் அப்பா.

"ஆடாம நில்லுங்கப்பா."

"மருமகளே, உன் கால் எங்கம்மா? டேப்புல கண்டுபிடிக்கவே முடியலையாம்."

"உங்க புள்ள கால்ல பாதிய வெட்டி எனக்கு ஒட்டவைங்க மாமா, கணக்கு சரியாயிடும்" என்று அவள் சிரித்தாள். நல்ல சந்தோஷமான நாள் அது. அவிச்ச முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டே நோட்டைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தார்கள்.

கடையில் இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று சிவப்பு. ஆசைப்பட அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அவளுக்குக் கால் எட்டும், அப்பாவுக்கு முழங்கால் கொஞ்சம் இடிக்கும், அவனுக்குக் கொஞ்சம் குனிந்த மாதிரி இருக்கும். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் பத்து வருடம் ஓட்டலாம். வேறு யாராவது இந்த மூன்று அளவையும் அவனிடம் கொண்டுவந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பைத்தான் சொல்லியிருப்பான்.

இன்னொன்று சாம்பல் நிறம். உயரமாக, அகலமான கைப்பிடியோடு, எந்தக் கல்லிலும் மேட்டிலும் ஏறி இறங்குகிற வண்டி. அதில் ஏறி உட்கார்ந்ததும் அவன் முதுகு நிமிர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வண்டி அவன் காலுக்குச் சரியாக இருந்தது. அப்பாவும் ஏறிப் பார்த்தார். வலித்த முழங்கால் தாராளமாகத் தொங்கியது. "ஆ...கா!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அவளுக்கு எட்டாதே" என்று நோட்டு சொன்னது. மூன்று விரல் குறைவு.

"ஓட்டிப் பாக்கட்டும்" என்றான் மெக்கானிக். "பழகாத வண்டி, பத்திரத்துக்கு நான் பின்னாடி உட்காந்துக்கறேன்."

கடையைச் சுற்றியிருந்த கிடங்குத் தெருவில் அவள் ஓட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் வண்டியில் பழகியவள், கியர் எல்லாம் அத்துப்படி. முதல் திருப்பத்தில் நிறுத்தினாள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்தன.

"என்னங்க! கால் எட்டுதுங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "நோட்டு பொய் சொல்லுது!"

நோட்டு பொய் சொல்லவில்லை. அவன் எண்பத்தாறு கிலோ. பின்னால் அவன் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கும், சீட்டு மூன்று விரல் கீழே இறங்கும். அவன் இறங்கிவிட்டால் மூன்று விரல் மேலே ஏறும். இது தெரியாதவன் மெக்கானிக்கே கிடையாது. அவள் கத்திய அந்த நொடியிலேயே அவனுக்குத் தெரிந்தது. சொல்ல வாயையும் திறந்தான். பிறகு, பழகிடுவா, போகப்போகச் சரியாகிடும் என்று மென்று விழுங்கிவிட்டான். அவளைத் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார் என்று சொல்லவில்லை. அவளுக்கும் அது தோன்றவில்லை. ஊருக்கே வண்டி பார்த்துச் சொல்லுகிறவன் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வரும்?

சாம்பல் வண்டி வீட்டுக்கு வந்தது. பட்டறைக்கு அடுத்த கடை வெல்டர், "மாப்ள, உன் உயரத்துக்கு இது சரி. தங்கச்சி எப்படி ஓட்டும்?" என்று கேட்டான்.

"அவளே ஓட்டிப் பாத்து எடுத்தது மச்சான். எல்லாருக்கும் பொருந்துற வண்டி இது ஒண்ணுதான்" என்று வாய் கூசாமல் சொன்னான்.

அவள் வேலைக்குப் போன மூன்றாம் நாள், டீக்கடை எதிரில் ஒரு தள்ளுவண்டிக்காக நிறுத்தினாள். கால் நுனி சரளைக் கல்லில் வழுக்கியது. வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாக, இடது பக்கம் சாய்ந்து படுத்தது. அவளும் கூடவே படுத்தாள். அடி ஒன்றுமில்லை. பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். தூக்கிவிட்டபின் சிரித்தார்கள்.

"மெக்கானிக் பொண்டாட்டியே விழுந்தா நாங்கல்லாம் எங்கம்மா போறது?"

வீட்டுக்கு வந்து அதை அவளே நடித்துக் காட்டினாள். காட்டிவிட்டு, "என் மேலதாங்க தப்பு. கடையில நல்லாத்தானே ஓட்டினேன்? தனியாப் போனா கால் உதறுது. தைரியம் பத்தல" என்றாள்.

அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பழகிடும்" என்றான்.

அவள் பழகுவதற்குப் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பாத்திரம் கழுவும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றாள். படிக்கட்டு விளிம்பில் நுனிக்காலில் நின்று நூறு எண்ணினாள். கனமான அடி வைத்த ஷூ ஒன்று வாங்கிப் போட்டாள். கியர் இருக்கும் இடமே தெரியவில்லை என்று இரண்டாம் நாள் கழற்றிப் போட்டாள். காலையில் ஷூ மாட்டும்போது, "இன்னைக்காவது ஒழுங்கா இரு" என்று தன் கால்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பல் தேய்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெளியே தெரிகிற வெட்கமில்லை. கூடவே சாப்பிட்டு, கூடவே படுத்து, கூடவே எழுந்திருக்கிற வெட்கம்.

ஒருநாள் மத்தியானம் வெல்டர் சாப்பிடப் போன சமயம் பார்த்து, திருடன் மாதிரி சொந்த வண்டியின் ஸ்பிரிங்கை இரண்டு பல் தளர்த்திவிட்டான். ஒரு விரல் இறங்கியது, அவ்வளவுதான். அதற்குமேல் தளர்த்தினால் அவன் உட்காரும்போது வண்டியின் அடிப்பக்கம் கல்லில் இடிக்கும். சீட்டுப் பஞ்சை அறுத்தால் மிச்சமும் இறங்கும். ஆனால் புது வண்டி சீட்டைப் பட்டறை வாசலில் வைத்து அறுத்தால் நாலு பேர் ஏனென்று கேட்பார்கள். அவன் பேச்சை நம்பி அதற்குள் மூன்று பேர் அதே வண்டியை வாங்கியிருந்தார்கள். அறுக்கிற கத்தியைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி வைத்துவிட்டான். கௌரவம் என்று அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டான்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது முழங்கை சிராய்த்திருந்தது. அதை அவள் துடைக்கக்கூட இல்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டி திறந்துகிச்சுங்க. நாலு குப்பி உடைஞ்சிருச்சு."

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன ஆனா என்ன? அதுல டீச்சரோட ரத்தம் இருந்துச்சு." அவளுக்கு அழுகை முட்டியது. "படுத்த படுக்கையா இருக்காங்க. நரம்பே அகப்படாது. ஆறு தடவ குத்தி எடுத்தேங்க. ஆறு தடவையும் 'பரவால்லம்மா, பரவால்லம்மா'ன்னு பல்லக் கடிச்சுட்டு இருந்தாங்க. அத்தனையும் ரோட்டுல கொட்டிட்டேன்."

"மத்த மூணு?"

"சாயங்காலமே நடந்து போய் மூணு வீட்டுலயும் கைய கால புடிச்சு வாங்கிட்டேன். டீச்சர் வீட்டுல நாளைக்கு வரச் சொன்னாங்க. மேடம் ஒரு வார்த்த திட்டல. 'வண்டி உனக்கு வரலன்னா சொல்லிடும்மா, தொட்டிக்கு இன்னும் ஆள் போடல. திங்கக்கிழமை முடிவு பண்ணிக்கலாம்'னு சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

அவள் உள்ளே முகம் கழுவப் போனதும், கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா மகனைப் பக்கத்தில் கூப்பிட்டார். வழக்கமான கேலி குரலில் இல்லை.

"எப்ப சொல்லப்போற?"

"எதப்பா?"

"டேய். முப்பது வருஷம் லாரி ஓட்டினவன்டா நான். பாரம் ஏத்தினா வண்டி தாழும், இறக்கினா ஏறும். கடையில நீ பின்னாடி தொத்தி உட்காந்தப்பவே பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அப்புறம் ஏன் நீங்க சொல்லல?"

அப்பா மடங்காத முழங்காலைத் தடவிக்கொண்டார். "வலி இல்லாம உட்காந்தேன்டா. எத்தனையோ வருஷம் கழிச்சு. நீ சொல்லுவேன்னு நான் இருந்துட்டேன். நான் சொல்லுவேன்னு நீ இருந்தியோ என்னமோ. ரெண்டு தடிமாடுங்க சேந்து அந்தப் புள்ளயக் கீழ தள்ளியிருக்கோம்." அதைச் சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகள் டீ கொண்டுவந்தபோதும் திரும்பவில்லை.

அவள் டீயை வைத்துவிட்டுக் கணவன் பக்கம் வந்தாள். "நாளைக்கு லீவு போட்டுட்டு என்கூட வர்றீங்களா? நீங்க பின்னாடி இருந்தா வண்டி விழவே விழாது. அன்னைக்குக் கடையில பாத்தீங்கல்ல?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வரேன்" என்றான்.

சனிக்கிழமை காலை லேசான தூறல். பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தான். அவள் ஓட்டினாள். சந்துகளில் புகுந்தாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள், டீக்கடை எதிரில் வேண்டுமென்றே நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு பெஞ்சுக்காரர்களைப் பார்த்துத் தலையாட்டினாள். அருமையாக ஓட்டினாள். ஏறிய ஐந்து வீட்டிலும், "எங்க வீட்டுக்காரர். இவர் கூட வந்தா எனக்கு யானை பலம்" என்று அறிமுகம் செய்துவைத்தாள். ஒரு வீட்டில் அவனுக்கு நாற்காலி போட்டு பிஸ்கட் கொடுத்தார்கள். அதை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆறாவது வீடு டீச்சருடையது. மாடி. சன்னலோரக் கட்டிலில் ஒரு கைப்பிடி எலும்பாக டீச்சர் படுத்திருந்தார். போர்வையை விலக்கிக் கையை நீட்டினார். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை நேற்றுக் குத்திய இடமெல்லாம் நீலமும் கறுப்புமாகக் கன்றிப்போயிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். என் கவனக்குறைவால உங்களுக்கு ரெண்டாவது தடவ தண்டனை" என்றாள் அவள்.

"வண்டின்னா விழத்தான் செய்யும். இந்தக் கையில பாரு, இங்க இன்னும் கொஞ்சம் இடம் பாக்கி இருக்கு."

"இன்னைக்கு சரியா எடுத்துடுவேன். இவரு கூட இருக்காரு. இவரு பின்னாடி உட்காந்தாலே எனக்கு தைரியம் வந்துடுது. கால் தானா தரையில நிக்குது."

"கொடுத்து வச்சவ நீ" என்றார் டீச்சர். "ஏன் தம்பி, முகத்த அப்படி வச்சுட்டு நிக்கறீங்க? ரத்தம்னா பயமா?"

"இவருக்கா! எண்ணெயில முங்கி எந்திரிக்கிற ஆளு" என்று அவள் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தாள். முதல் குத்தில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவதில் குப்பிக்குள் மெல்ல ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லம்மா" என்றார்.

கீழே இறங்கி வந்ததும் அவள் வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டாள். அவன் ஏறவில்லை.

"அது தைரியம் இல்ல" என்றான்.

"எது?"

"உனக்குக் கால் எட்டுறது. அது என் எடை. நான் உட்காந்தா ஸ்பிரிங் அமுங்கி சீட்டு தாழுது. நான் இல்லன்னா உனக்கு எட்டாது. உனக்குன்னு இல்ல, உன் உயரத்துல யாருக்கும் எட்டாது."

அவள் அவன் ஏதோ விளையாடுகிறான் என்று சிரிக்கப் பார்த்தாள். அவன் முகம் சிரிக்கவிடவில்லை.

"இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

"கடையிலயே தெரியும். 'கால் எட்டுது'ன்னு நீ கத்தினப்பவே தெரியும். எனக்கு இந்த வண்டி வேணும்னு இருந்துச்சு."

அவள் கைப்பிடியைப் பிடித்து வண்டியை நேராக நிமிர்த்தினாள். பிறகு, "ஏறி உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தான். அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு பாதமும் ஈரத் தரையில் பதிந்திருந்தன.

"இறங்குங்க."

இறங்கினான். வண்டி பெருமூச்சு விட்டதுபோல் எழும்பியது. அவள் குதிகால்கள் தரையை விட்டு மேலே வந்தன. நுனியில் வண்டி ஆடியது. அவன் பிடிக்கப் போனான். "தொடாதீங்க" என்றாள். "ஏறுங்க."

ஏறினான்.

"இறங்குங்க."

எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி குப்பைக் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தாள். எண்பத்தாறு கிலோ ஆள், நடுத்தெருவில், கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். நாலு தடவை. அவள் நாலு தடவையும் தன் குதிகாலை மட்டும் பார்த்தாள்.

"அப்ப என் கால் சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. யாரையோ அநியாயமாகத் திட்டிவிட்டவள் குரல் மாதிரி இருந்தது. "பாவம், அதுங்கள என்ன பாடு படுத்தினேன்."

"இன்னைக்கே சீட்ட அறுத்துடறேன். திங்கக்கிழமைக்குள்ள நீ தனியா ஓட்டலாம். இல்ல, வித்துட்டு சிவப்பு வண்டிய—"

"அது பட்டறை வேலை. அத செய்யுங்க." அவள் ஸ்டாண்டைப் போட்டு இறங்கி, அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். "திங்கக்கிழமை மேடம்கிட்ட என்கூட வந்து இத சொல்றீங்க. டீக்கடையிலயும் சொல்றீங்க. ஏறின வீட்டுலயெல்லாம் உங்களப் பத்தி நான் வாய் நிறையப் பேசி வச்சிருக்கேன். எனக்கு அத திரும்ப எடுத்துக்கத் தெரியாது. நீங்களே எடுத்துக்கோங்க."

"சொல்றேன்."

"இப்பவே. டீச்சர் வீட்டுலேருந்து ஆரம்பிங்க. கதவு தொறந்துதான் இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மாடிப்படி பதினான்கு. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினான். கட்டிலில் டீச்சர் கன்றிய கையைப் போர்வைக்கு வெளியே போட்டபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு விழித்தார்.

"என்ன தம்பி, எதையாவது வச்சுட்டுப் போயிட்டீங்களா?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, "அவ ஓட்டத் தெரியாம விழல டீச்சர்" என்று ஆரம்பித்தான்.